பாயிண்ட் வைக்கத் தெரிந்த கை

திருவொற்றியூர் தொழிற்சாலையிலிருந்து வந்த பழைய புல்லட் 350இல், ஹெட்லைட்டுக்கு மேலே ஸ்பீடாமீட்டரை ஒட்டிச் சின்னதாக ஓர் ஆம்ப்மீட்டர் இருக்கும். புதிதாகப் பழைய வண்டி வாங்கியவர்கள் அதை அலங்காரம் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்த வண்டியிலேயே அதிக விஷயம் தெரிந்த பாகம் அதுதான். கிக்கரை உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்த பிறகும் ஸ்டார்ட் ஆகாத புல்லட்டுக்கு என்ன கோளாறு என்பதை, ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே அந்த ஊசி முக்கால்வாசி சொல்லிவிடும். அதைப் படிக்கத் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் நின்று வேலையைப் பார்க்கக் கிடைப்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

அவர் முதலில் லைட்டை அணைப்பார். சாவியைப் போட்டு, கிக்கரைக் கையாலேயே மெல்ல அமுக்குவார். கண் ஊசியில் இருக்கும். கரண்டைச் சேர்த்தும் துண்டித்தும் விடும் சின்ன சுவிட்சான பாயிண்ட் சேர்ந்திருக்கும்போது காயிலில் கரண்ட் ஓடுவதால் ஊசி மைனஸ் பக்கம் சாயும். 12 வோல்ட் வண்டியில் மூன்று நான்கு ஆம்பியர். பாயிண்ட் பிரிந்த நொடியில் நடுவுக்குத் திரும்பும். இப்படிப் போய் வந்தால் பேட்டரியிலிருந்து பாயிண்ட் வரைக்கும் கரண்டின் பாதை சரி என்று அர்த்தம். பிளக்கில் பொறி வரவில்லையென்றால் கண்டென்சர், காயில், பிளக் வயர், பிளக் கேப், பிளக் என்று தேடும் இடம் சுருங்கிவிடும். ஊசி அசையவே இல்லை என்றால் சாவி சுவிட்சுக்கே கரண்ட் வரவில்லை, அல்லது வழியில் வயர் விட்டிருக்கிறது, அல்லது பாயிண்டில் அழுக்கு. சாய்ந்த ஊசி திரும்ப மறுத்தால் பாயிண்ட் பிரியவில்லை, அல்லது பிரிந்தும் கரண்ட் வேறு வழியில் எர்த் ஆகிறது. பாயிண்ட் மாற்றியவர் ஃபைபர் வாஷரை இடம் மாற்றிப் போட்டுவிட்டால் இதுதான் நடக்கும். கண்டென்சர் உள்ளே ஷார்ட் ஆகியிருந்தாலும் இதேதான். புத்தம்புது பாயிண்ட், புத்தம்புது பிளக், ஆனால் வண்டி உயிர் பெறாது. கடுகளவு கனமுள்ள ஒரு வாஷர்தான் காரணம்!

இந்த அமைப்பின் அடிப்படை 1831இல் ஃபாரடே கண்டறிந்த மின்தூண்டல். காயிலில் ஓடும் கரண்டைச் சட்டென்று துண்டித்தால் அதன் இரண்டாம் சுற்றில் பல ஆயிரம் வோல்ட் எழும். சார்லஸ் கெட்டரிங் அதற்கு ஒரு பேட்டரி, ஒரு காயில், ஒரு பாயிண்ட், ஒரு கண்டென்சர் என்று நடைமுறை வடிவம் கொடுத்தார். 1910ஆம் ஆண்டுக் காடிலாக் காரில் அது வந்தது. நம் புல்லட்டில் இருப்பதும் அதே ஏற்பாடுதான்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறக்கும் இடத்தில்தான் ரசனைக்கு உண்மையான தீனி. பாயிண்டின் இரு முகங்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். லேசான சாம்பல் நிறத்தில் சமமாக இருந்தால் ஆரோக்கியம். நீலம் பாரித்துக் கருகியிருந்தால் கண்டென்சர் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு முகத்தில் குழி, எதிர் முகத்தில் கூர் என்று வளர்ந்திருந்தாலும் சந்தேகம் அங்கேதான். நல்ல மெக்கானிக் மெல்லிய அரத்தால் அந்தக் கூரை மட்டும் எடுப்பார். பிறகு வெள்ளை அட்டைத் துண்டை பெட்ரோலில் நனைத்து இரு முகங்களுக்கும் நடுவே இழுப்பார். அட்டையில் கறுப்புக் கோடு விழுவது நிற்கும் வரை அட்டையை மாற்றி மாற்றி இழுப்பார். உப்புத்தாளால் தேய்த்துவிட்டு அப்படியே மூடுகிறவர்கள் இதைச் செய்வதில்லை. தேய்த்ததில் உதிரும் தூளே கரண்டைத் தடுத்துவிடும்.

அடுத்தது பாயிண்டின் கேப், அதாவது இடைவெளி. கேம் உச்சியில் பாயிண்ட் முழுக்கப் பிரிந்து நிற்கும்போது 0.35லிருந்து 0.40 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜின் தகடு உள்ளே தொளதொளவென்று ஆடக் கூடாது, முட்டவும் கூடாது. வழுக்கிக்கொண்டே லேசாகப் பிடிக்க வேண்டும். ஸ்க்ரூவை முறுக்கும்போது கேப் நகர்ந்துவிடும் என்பதால் முறுக்கிய பின் மறுபடியும் பார்ப்பார். பாயிண்டின் ஃபைபர் அடி தேய்ந்தால் கேப் குறையும், பொறி தாமதமாக வரும், வண்டி இழுவை இல்லாமல் சூடாகும். கேப் சரியான பிறகே டைமிங். 350இல் பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் கீழே இருக்கும்போது பாயிண்ட் பிரியத் தொடங்க வேண்டும். சிகரெட் தாளின் சிறு துண்டைப் பாயிண்ட் நடுவே கவ்வவிட்டு, விரலால் மெல்ல இழுத்தபடி டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புவார்கள். தாள் விடுபடும் இடம்தான் டைமிங். ரொம்ப முன்னால் வைத்துவிட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்காலில் வாங்கியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் கைத்திறனைவிட நான் அதிகம் மதிப்பது அவர்கள் கேட்கும் கேள்விகளை.

“அண்ணே, பத்துக் கிலோமீட்டர் நல்லா போகுது, அப்புறம் நின்னுடுது.”

“நின்ன உடனே டேங்க் மூடியைத் திறந்து பாத்தியா தம்பி?”

மூடியின் காற்றுத் துளை அடைத்தாலும் வண்டி இதே மாதிரிதான் நிற்கும். திறந்ததும் ஓடினால் கரண்டில் கோளாறே இல்லை. திறந்தும் ஓடவில்லை, அரை மணி நேரம் ஆறியதும் ஓடுகிறது என்றால் சூட்டில் மக்கர் செய்யும் கண்டென்சர் அல்லது காயில். அடுத்த கேள்வி, “ஹேண்டில்பாரை ஒடிச்சா ஆஃப் ஆகுதா?” ஆமாம் என்றால் ஃபோர்க் கழுத்தருகே வயர் உள்ளுக்குள் அறுந்திருக்கிறது, மேலுறை முழுசாகவே இருக்கும். மழையில் மட்டும் மிஸ் அடித்தால் வண்டியை இருட்டில் ஓடவிட்டுப் பார்க்கச் சொல்வார்கள். வெடித்த பிளக் வயரிலிருந்து நீல நூலாகப் பொறி எஞ்சின் மேல் பாய்வது அப்போது கண்ணுக்கே தெரியும்.

பொறியைப் பற்றி ஒன்று. பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் வைத்து “கரண்ட் வருது” என்று முடிவு கட்டுவதை நான் ஏற்பதில்லை. சிலிண்டருக்குள் காற்று நெருக்கப்பட்ட நிலையில் பொறி தாண்டுவதற்கு இன்னும் அதிக வோல்ட் வேண்டும். வெளியே வரும் பொறி நீலமாக, சடக்கென்ற சத்தத்தோடு இருந்தால் நம்பலாம். மஞ்சளாகச் சோர்ந்து வந்தால் உள்ளே வராமலே போகலாம்.

பின்னால் வந்த எலெக்ட்ரா மாடலில் பாயிண்டுக்குப் பதிலாக எலெக்ட்ரானிக் இக்னிஷன் வந்தது. தினமும் வேலைக்கு ஓட்டுகிறவருக்கு அதுதான் வசதி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எலெக்ட்ரானிக் இக்னிஷனில் யூனிட் போனால் புது யூனிட் போடுவதுதான் வைத்தியம். பாயிண்ட் வண்டியில் கோளாறு படிப்படியாகத் தடயம் விட்டுக்கொண்டே வருகிறது. அந்தத் தடயத்தைப் படிப்பதில் இருக்கும் அழகுக்காகவே நான் அந்தப் பட்டறைகளுக்குப் போகிறேன்.

பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் ஒரு ஃபீலர் கேஜும் நல்ல கண்டென்சர் ஒன்றும் டூல் பாக்ஸில் போட்டு வையுங்கள். எஞ்சின் ஓடாதபோது சாவியை ஆனில் விடாதீர்கள். பாயிண்ட் சேர்ந்து நின்றால் காயில் சூடேறிப் போய்விடும், பேட்டரியும் இறங்கும். உங்கள் ஊரில் பாயிண்ட் வைக்கத் தெரிந்த பெரியவர் இன்னும் பட்டறைக்கு வருகிறார் என்றால், வண்டியை விட்டுவிட்டுப் போகாமல் கூடவே நின்று கற்றுக்கொள்ளுங்கள்.