பாதியில் நிற்கும் மருத்துவக் கதைகள்: ஆனந்திபாய், கிருபாபாய் பற்றிய எழுத்துகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மருத்துவம் கற்கப் புறப்பட்ட இந்தியப் பெண்களைப் பற்றிய வாழ்க்கை வரலாறுகளும் நாவல்களும் பெண்கல்வி வரலாற்றுக்கான சான்றுகளாகவே பெரிதும் பயன்படுத்தப்பட்டு வந்துள்ளன. அவற்றை இலக்கியப் பனுவல்களாகக் கொண்டு, கதை எங்கே தொடங்குகிறது, எங்கே நிறுத்தப்படுகிறது என்று நோக்கினால் வேறொன்று புலப்படும். பெண் கல்லூரிக்குச் செல்லும் வழியை விரித்துரைக்கும் இவ்வெழுத்துகள், அவள் கற்ற மருத்துவத்தின் வாயிலில் நின்றுவிடுகின்றன. இவ்வமைப்பு இரு பெண்களின் வாழ்வைச் சொல்லும் பனுவல்களில் எவ்வாறு இயங்குகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இருவரும் மராத்திய மண்ணில் பிறந்தவர்கள். நோயுற்ற நிலையில் இருவரும் வந்து சேர்ந்த ஊர் புனே. கிருபாபாய் 1862இல் அகமத்நகரில், கிறித்தவம் தழுவிய பிராமணக் குடும்பமொன்றில் பிறந்தார். 1878இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, ஓராண்டிற்குள் உடல்நலம் குன்றி, 1879இல் புனேயிலிருந்த தமக்கையிடம் சென்றார். ஆனந்திபாய் ஜோஷி 1883இல் அமெரிக்கா சென்று, 1886 மார்ச்சில் பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். காசநோயுடன் நாடு திரும்பிய அவர், 22 வயது நிறைவதற்கு முன்பே, 1887 பிப்ரவரி 26இல் புனேயில் காலமானார். கோலாப்பூர் ஆல்பர்ட் எட்வர்டு மருத்துவமனையின் பெண்கள் பிரிவுப் பொறுப்பு அவருக்கு அளிக்கப்பட்டிருந்தது. அப்பணியை அவர் ஏற்க இயலவில்லை.

ஆனந்திபாயைப் பற்றி அமெரிக்காவில் கரோலின் ஹீலி டால் 1888இல் ஒரு வரலாறு எழுதினார். அடுத்த ஆண்டே காசிபாய் கானிட்கர் மராத்தியில் எழுதினார். 1968இல் ஸ்ரீ. ஜ. ஜோஷியின் ‘ஆனந்தி கோபாள்’ நாவல் வெளிவந்தது. 2019இல் அதே பெயரில் திரைப்படமும் வந்தது. மனைவியின் பெயரோடு கணவனின் பெயரைச் சேர்த்து வழங்குவது மராத்திய மரபு. ஆயினும் நாவலின் தலைப்பாக அது அமையும்போது, கதை யாருடையது என்ற கேள்வி எழாமலிருக்காது. விடாப்பிடியான கணவன், அவன் விருப்பத்திற்கு ஈடுகொடுக்கும் சிறுமி என்னும் உறவே நாவலின் உயிர்நிலை. கோபாள்ராவ் பெண்கல்வியில் தீவிரப் பற்றுடையவர். இளம் மனைவியை அடித்தவரும் அவரே. அதை நினைவுகூர்ந்து ஆனந்திபாய் அமெரிக்காவிலிருந்து அவருக்கே எழுதிய கடிதம் உள்ளது. அந்தக் கடிதத்தின் நிதானம் எந்தப் புனைவுக்கும் கைவரவில்லை என்றே கருதுகிறேன்.

அவர் மருத்துவராகப் பணியாற்றவே இல்லையே, எழுதியவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அவர் மூன்றாண்டுகள் மருத்துவம் கற்றவர். ஆரிய இந்துக்களிடையே மகப்பேற்று மருத்துவம் என்பதைப் பொருளாகக் கொண்டு பட்ட ஆய்வேடு எழுதியவர். பத்து நாளே உயிரோடிருந்த தம் குழந்தையைப் பதினான்கு வயதில் பறிகொடுத்தவர் மகப்பேற்றியலை ஆய்வுப்பொருளாகத் தேர்ந்தது தற்செயலன்று. குழந்தையின் இறப்பைக் கண்ணீரோடு சொல்லும் எழுத்து, அந்த இறப்பிலிருந்து பிறந்த ஆய்வேட்டை அதன் பெயரைச் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறது. துயரம் கதையாகிறது, அறிவு அடிக்குறிப்பாகிறது.

இதற்கொரு காரணம், ஆனந்திபாய் எவ்வளவு மாறாமல் திரும்பினார் என்பதையே அன்றைய சமூகம் அளவுகோலாகக் கொண்டது. மனைவியின் கல்விக்கு உதவி வேண்டி கோபாள்ராவ் அமெரிக்க மதப்பரப்புநர் ஒருவருக்கு எழுதியபோது, மதம் மாறினால் உதவலாம் என்ற வகையிலேயே மறுமொழி வந்தது. அம்மடல்களை இதழொன்றில் படித்த நியூ ஜெர்சியைச் சேர்ந்த கார்ப்பென்டர் அம்மையார் நிபந்தனையின்றி உதவ முன்வந்தார். 1883 பிப்ரவரியில் செராம்பூரில் ஆற்றிய உரையில், இந்துவாகவே சென்று இந்துவாகவே திரும்புவேன் என்று ஆனந்திபாய் உறுதி கூற வேண்டியிருந்தது. அயல்நாட்டில் அவர் உடுத்த சேலையும் உண்ட உணவும் பேசப்பட்ட அளவுக்கு அவர் கற்ற பாடம் பேசப்படாமற்போனதன் வேர் இங்கே உள்ளது.

கிருபாபாயின் நிலை இதற்கு நேர்மாறானது. கிறித்தவர் என்பதால் மதப்பரப்பு அமைப்புகளின் கதவுகள் அவருக்குத் திறந்தே இருந்தன. ஆனால் வெள்ளைப் பெண்மணிகளின் பரிவில் கலந்திருந்த இனமேட்டிமையை அவர் உணர்ந்தார். அவ்வுணர்வை மறைக்காமல் எழுதியது ‘சகுணா’ நாவலின் பெருமை. ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, 1887–88இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழில் தொடராக வந்த தன்வரலாற்று நாவல் இது. 1890களில் தமிழாக்கமும் பெற்றது. தமிழ் நாவல் வரலாறுகளில் மொழிபெயர்ப்பு என்னும் தலைப்பின் கீழ் ஒதுங்கிவிடும் இந்நூல், பெரும்பான்மைச் சமூகத்திற்கு அயலாராகவும் ஆள்வோரின் மதத்திற்குள் தாழ்ந்தோராகவும் வாழ்ந்த ஒரு பெண்ணின் இரட்டைச் சிறுபான்மை நிலையைத் தமிழ்ப் படிப்பாளரிடம் கொணர்ந்தது. அவ்வகையில் இதன் இடம் மறுபரிசீலனைக்குரியது.

இங்கிலாந்து சென்று படிக்கும் வாய்ப்பு உடல்நிலை காரணமாகக் கைநழுவவே கிருபாபாய் சென்னைக்கு வந்தார். இங்குள்ள கல்லூரி 1875இலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது. மொழியும் மக்களும் புதியவை. நாவலில் இப்பகுதி இறுதியை ஒட்டியே வருகிறது, விரைந்து முடிகிறது. நோய் குறுக்கிடுகிறது, பின் காதல், திருமணம். மருத்துவராகும் கனவு திருமணத்தில் கரைவதை நாயகியின் நிறைவாகவே நாவல் காட்டுகிறது. இதை நான் முழுமையாக ஏற்கவில்லை. அறிவுவேட்கை கொண்ட பெண்ணை முதற்பகுதியில் அவ்வளவு கூர்மையாகப் படைத்த ஆசிரியர், இறுதியில் அக்கால நாவல் மரபுக்கு இடம்கொடுத்துவிட்டார். எனினும் ஜோஷியின் நாவலில் இல்லாத ஒன்று இங்குண்டு: இழப்பைச் சொல்லும் குரல் இழந்தவளுடையதே.

இக்கட்டத்தில் ருக்மாபாயை நினைக்க வேண்டும். விருப்பமின்றி நடந்த மணத்தை ஏற்க மறுத்து நீதிமன்றம் ஏறியவர். இலண்டனில் மருத்துவம் கற்று, சூரத்திலும் ராஜ்கோட்டிலும் முப்பதாண்டுகளுக்கு மேல் பணியாற்றி, 1955இல் மறைந்தவர். 1880களில் நடந்த வழக்கே இன்றும் அவரது அடையாளம். அந்த நீண்ட மருத்துவப் பணி வழக்கின் பின்னுரையாகவே சொல்லப்படுகிறது. இளமையில் இறந்தவளையும் வழக்காடியவளையும் கதையாக்கத் தெரிந்த நமக்கு, நாள்தோறும் நோயாளிகளைப் பார்த்தவளைக் கதையாக்கத் தெரியவில்லை.

தமிழகத்தில் இவ்வமைப்பை மீறிய பனுவலாக முத்துலட்சுமி ரெட்டியின் தன்வரலாற்றைச் சுட்டலாம். அதுவும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டது என்பது வருந்தத்தக்கது. தேவதாசி மரபில் வந்த தாய்க்குப் பிறந்து, 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றவர் அவர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவர் வாழ்விலும் உண்டு. ஆனால் அத்துயரம் அங்கே கதையை முடித்துவைக்கவில்லை. 1954இல் அடையாற்றில் செயல்படத் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையை நோக்கி நகர்கிறது.