ஜன்னலோரத்து மனிதர்

இயக்குநர் பாலு மகேந்திரா 2014 பிப்ரவரி 13-ல் மறைந்தபோது நான் படித்த அஞ்சலிகளில் ‘மூன்றாம் பிறை’ இருந்தது, ‘வீடு’ இருந்தது, அவருடைய தொப்பியும் தவறாமல் இருந்தது. ‘கதை நேரம்’ மட்டும் ஒரு வரியோடு சரி. படம் இல்லாத காலத்தில் டிவிக்குச் செய்து கொடுத்தது என்கிற தொனி வேறு. எனக்கோ சன் டிவியில் வாரம் ஒன்றாக வந்த அந்த 52 சிறுகதைகள்தான் பாலு மகேந்திரா.

ஃபிலிம் பொறுத்துக்கொள்கிற வெளிச்ச வித்தியாசத்தை, ‘கதை நேரம்’ எடுத்த அந்தக் கால வீடியோ பொறுக்காது. ஜன்னல் பக்கம் வெளுத்துப்போகும், சுவர்ப் பக்கம் இருண்டு சேறாகிவிடும். புனேயில் ஒளிப்பதிவு படித்த மனிதருக்கு இது தெரியாதா? தெரிந்தே ஆளை ஜன்னலோரம் உட்காரவைப்பார். நடிகை மௌனிகாவின் ஒரு கன்னத்தில் பகல் விழும். மறு கன்னம் நிழலுக்குள் போகும். அவள் சட்டென்று பதில் சொல்லமாட்டாள். நாமும் அந்த நிழலையே பார்த்துக்கொண்டிருப்போம். ஒளிப்பதிவும் எடிட்டிங்கும் தன் கையிலேயே இருந்ததால், அந்த மௌனத்தை வெட்டச் சொல்ல இன்னொருவர் இல்லை.

பக்கவாட்டு வெளிச்சத்தின் அருமை திருமுக்கூடலில் வளர்ந்தவனுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு, ஆதுலசாலை என்ற மருத்துவமனையையும் அதன் 15 கட்டில்களையும் மருந்துகளையும் சொல்கிறதே, அதை நேர் வெளிச்சத்தில் பார்த்தால் வெறும் கல். வெயில் சாய்ந்து தடவும்போது எழுத்து ஒவ்வொன்றாக எழுந்து வரும். பாலு மகேந்திராவின் முகங்களும் அப்படித்தான் எழுந்து வரும்.

‘கதை நேர’த்தில் வந்த மாலனின் ‘தப்புக் கணக்கு’ நினைவிருக்கிறதா? ஒரு குழந்தை, ஒரு தாத்தா, நோட்டில் ஆசிரியர் போட்ட ஒரு ‘தப்பு’. கதை அவ்வளவுதான். வேறு யார் கையில் கிடைத்திருந்தாலும் தாத்தாவை அழவிட்டிருப்பார்கள்.

‘மர்மதேசம்’ தொடரின் கட்சிக்காரர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். அதன் இயக்குநர் நாகாவின் இருட்டு எனக்கும் பிடிக்கும். அதன் ‘விடாது கருப்பு’ பகுதியைப் பார்த்த இரவுகளில் கொல்லைப்பக்கம் போகத் தயங்கியவன்தான் நான். ஆனால் பயமுறுத்த இருட்டு தானே கைகொடுக்கும். மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு சாதாரண வீட்டுக் கூடத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கவைப்பது அதைவிடக் கஷ்டமான காரியம் என்பது என் கட்சி.

இன்றைய சீரியல்களில் நிழலுக்கே இடமில்லை. இரண்டு மூன்று கேமராக்கள் ஒரே சமயத்தில் ஓடவேண்டும் என்று மூலைமுடுக்கெல்லாம் விளக்கைப் போட்டுவிடுகிறார்கள். மாமியார் திரும்பினால் மூன்று தடவை ஜூம், ஒவ்வொன்றுக்கும் ஒரு இடி. அடுக்களையிலும் படுக்கையறையிலும் பட்டுப்புடவை. அதையாவது ஒழுங்காகக் காட்டுகிறார்களா? அந்த வெளிச்சத்தில் ஜரிகை தகரம் மாதிரிப் பளிச்சிடுகிறது; உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று கோர்வை போட்டு நெய்தவன் பார்த்தால் டிவியை அணைத்துவிடுவான்.

இயக்குநர் வெற்றிமாறன் பாலு மகேந்திராவிடம் உதவியாளராக இருந்தவர். வேறு சிலரும் அந்தப் பட்டறையிலிருந்து வந்தவர்கள்தான். ஆனால் அவர்கள் எல்லோரும் சினிமாவுக்குப் போய்விட்டார்கள். சின்னத்திரைக்கு வாரிசு கிடைக்கவில்லை.

‘வீடு’, ‘சந்தியா ராகம்’ நெகடிவ்கள் அழிந்துவிட்டனவே என்று கடைசிக் காலத்தில் மேடையேறிப் புலம்பியவர் அவர். தேசிய விருது வாங்கிய படங்களுக்கே அந்தக் கதி. ‘கதை நேர’த்தை இப்போது இணையத்தில் தேடிப் பார்க்கிறேன். எனக்குக் கிடைக்கும் பிரதிகள் படு மங்கல். அவர் பார்த்துப் பார்த்து வைத்த நிழல் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கிறது. மூல டேப்புகள் எந்த அலமாரியில் கிடந்தாலும், பூஞ்சை பிடிப்பதற்குள் யாராவது எடுத்து நல்ல பிரதி போட்டுவிடுங்கள்.