அரிச்சுவடியும் அகராதியும்

ஒரு போர்டு கேமின் விதிப்புத்தகத்தை நாம் இரண்டு வேளைகளில் கையில் எடுக்கிறோம். முதலாவது, பெட்டியைப் பிரித்த அன்று. எதுவும் தெரியாமல், முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்கிறோம். இரண்டாவது, ஆட்டம் சூடுபிடித்த பிறகு. ‘இப்படிச் செய்யலாமா கூடாதா’ என்று இருவர் வாதிட, மற்றவர்கள் காத்திருக்க, ஒரே ஒரு வரியைத் தேடிப் பரபரவென்று புரட்டுகிறோம். முதல் வேளைக்கு வேண்டியது அரிச்சுவடி, இரண்டாவதற்கு வேண்டியது அகராதி. ஒரே புத்தகம் இரண்டு வேலையையும் செய்ய முயன்றால் பெரும்பாலும் இரண்டிலும் சறுக்குகிறது. கற்பதற்கு ஏற்ற வரிசையில் எழுதினால் ஒரே விஷயத்தைப் பற்றிய விதிகள் நான்கு இடங்களில் சிதறிக் கிடக்கும். தேடுவதற்கு ஏற்ற வரிசையில் எழுதினால் புதியவர் மூன்றாம் பக்கத்திலேயே மூடி வைத்துவிடுவார்.

ஒரே பெட்டியில் இரண்டு புத்தகம் வைப்பது என்ற வழக்கம் இந்தச் சிக்கலிலிருந்து பிறந்தது. கிளாஸ் டாய்பரின் ‘கட்டான்’ (1995) சில பக்க விதிகளையும், அகர வரிசையில் விளக்கங்கள் கொண்ட ‘அல்மனாக்’ என்ற தனிப் பகுதியையும் பிரித்துத் தந்தது. 2010களில் ஃபேன்டசி ஃப்ளைட் கேம்ஸ் நிறுவனம் இதையே தன் பாணியாக்கிக்கொண்டது. ‘இம்பீரியல் அஸால்ட்’ (2014), ‘ஆர்க்கம் ஹாரர்: தி கார்டு கேம்’ (2016) போன்ற பெட்டிகளில் ‘லேர்ன் டு ப்ளே’ என்றொரு கையேடும் ‘ரூல்ஸ் ரெஃபரன்ஸ்’ என்றொரு கையேடும் இருந்தன. இந்த வழக்கம் நல்லது என்பதே என் கட்சி. ஆனால் இதைப் ‘புதியவருக்கு ஒன்று, பழகியவருக்கு ஒன்று’ என்று புரிந்துகொண்டு செயல்படுத்திய இடங்களிலெல்லாம் கோளாறு நேர்ந்திருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நல்லதை முதலில் பார்ப்போம். ஆர்க்கம் ஹாரரில் ஆட்டக்காரர்கள் புலனாய்வாளர்களாகி ஒரு மர்மத்தைத் துப்பறிகிறார்கள். ஆட்டம் முழுவதும் ‘திறன் சோதனை’ என்ற ஒரே அச்சில் சுழல்கிறது. முதல் கையேடு இதை மிக எளிமையாகச் சொல்லித் தருகிறது. எந்தத் திறன் என்று பார்; கையிலுள்ள சீட்டுகளில் உதவக்கூடியவற்றைச் சேர்; பையிலிருந்து ஒரு வில்லையை எடு; கூட்டிக் கழித்து, வேண்டிய எண்ணை எட்டினாயா என்று பார். இரண்டாம் கையேட்டின் பின்னிணைப்பில் இதே சோதனை எட்டுப் படிகளாக, ஒவ்வொரு படிக்கும் எண்ணிட்டு, நடுவில் எங்கெங்கே மற்றவர்கள் குறுக்கிடலாம் என்ற விவரத்தோடு விரிகிறது. முதல் நாள் இந்த எட்டுப் படிகளால் ஒரு பயனும் இல்லை. ஆனால் ‘வில்லை வெளிப்பட்ட பிறகு’ என்று தொடங்கும் ஒரு சீட்டு கைக்கு வரும் நாளில், அந்தப் ‘பிறகு’ எந்தப் படி என்பதில்தான் வெற்றி தோல்வியே அடங்கியிருக்கும். இங்கே முதல் கையேடு சொன்னது எதுவும் பொய்யாகவில்லை. அது சொன்னதை இரண்டாவது இன்னும் நுணுக்கமாகச் சொல்கிறது, அவ்வளவே. ஒரு விதியைச் சுருக்குவதற்கு இதைவிட நேர்மையான வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அதே இரண்டாம் கையேட்டில் ‘கிரிம் ரூல்’ என்றொரு விதி உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அது. ஒரு சந்தேகத்துக்கு உரிய நேரத்தில் விடை கிடைக்காவிட்டால், ஆட்டக்காரர்களுக்கு அந்தக் கணத்தில் எது மிக மோசமான விளைவாகப் படுகிறதோ அதையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடர வேண்டும். எல்லாரும் ஒரே அணியாக ஆட்டத்தை எதிர்த்து ஆடுவதால் இது சாத்தியமாகிறது. அகராதி எவ்வளவு முழுமையாக இருந்தாலும் மேசையில் காத்திருப்பவர்களின் பொறுமைக்கு எல்லை உண்டு. அதை விதிப்புத்தகமே ஒப்புக்கொண்டு வழி சொல்வது அபூர்வம்.

குறைகள் அகர வரிசையில் தொடங்குகின்றன. ஆர்க்கம் ஹாரரின் இரண்டாம் கையேடு அகர வரிசையில்தான் அமைந்திருக்கிறது. எதிரியோடு சிக்கியிருக்கும் ஒருவர் சண்டையிடாமல் சாவகாசமாக ஒரு சீட்டை எடுக்க நினைக்கிறார். எதிரி சும்மா இருக்குமா? இருக்காது, தாக்கும். சண்டையிடுதல், தப்பித்தல், பேச்சுவார்த்தை, விலகிக்கொள்ளுதல் ஆகிய செயல்களுக்குத்தான் விலக்கு. இந்த விதிக்கு ‘அட்டாக் ஆஃப் ஆப்பர்ச்சூனிட்டி’ என்று பெயர். அந்தப் பெயரை அறிந்தவர் ஆங்கிலத்தின் முதல் எழுத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். அறியாதவர் எந்த எழுத்தில் தேடுவது? அவருக்குத் தெரிந்ததெல்லாம் ‘எதிரி பக்கத்தில் நிற்கிறது, நான் சீட்டு எடுக்கிறேன்’ என்ற நிலைமைதான். அகர வரிசை ஏற்கெனவே தெரிந்தவருக்குப் பணிவிடை செய்கிறது, யாருக்கு அவசரமாக வேண்டுமோ அவரைக் கைவிடுகிறது. ‘இதையும் காண்க’ என்ற குறிப்புகள் இந்தத் தூரத்தைச் சற்றே குறைக்கின்றன. நிலைமையை வைத்துத் தேடும் ஒரு பட்டியல், அதாவது ‘எதிரி அருகில் இருக்கும்போது’, ‘சீட்டுக்கட்டு தீர்ந்தால்’, ‘இருவருக்கும் சமமாக வந்தால்’ என்பது போன்ற ஒன்று, இருந்தால் முழுவதும் குறையும். அதைத் தயாரிப்பதற்கு ஒரு பதிப்பாசிரியரின் சில நாள் உழைப்பு போதும். ஆனாலும் பெரும்பாலான பெட்டிகளில் அது இருப்பதில்லை.

இதைவிடப் பெரிய குறை, இரண்டு புத்தகங்களுக்கும் நடுவில் விழும் பள்ளம். கோல் வெர்லே வடிவமைத்து லீடர் கேம்ஸ் 2018இல் வெளியிட்ட ‘ரூட்’ இதற்கு நல்ல சாட்சி. கற்பதற்கு ஒரு புத்தகம், ‘லா ஆஃப் ரூட்’ என்று எண்ணிட்ட பத்திகளால் ஆன சட்டநூல் ஒன்று. சட்டநூல் என்ற சொல்லை நான் பாராட்டாகவே சொல்கிறேன். அதன் வாக்கியங்களில் அலங்காரம் கிடையாது, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே பொருள்தான், வாதம் வந்தால் பத்தி எண்ணைச் சுட்டி முடித்துவிடலாம். ஆனால் ரூட்டில் காட்டை ஆளப் போட்டியிடும் தரப்புகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதிகள். அவற்றின் சுருக்கம் அந்தந்த ஆட்டக்காரர் முன்னால் இருக்கும் அட்டையில் அச்சாகியிருக்கிறது. அப்படிப் பார்த்தால் இங்கே இருப்பது மூன்று புத்தகம்.

சண்டை விதியை எடுத்துக்கொள்வோம். இரண்டு பகடைகளை உருட்ட வேண்டும். பெரிய எண் தாக்குபவருக்கு, சிறியது தடுப்பவருக்கு. பூனைப் படையை ஆடுபவர் இதைப் படித்து, மனத்தில் நிறுத்தி, கணக்குப் போட்டு ‘வுட்லண்ட் அலையன்ஸ்’ என்ற தரப்பைத் தாக்குகிறார். அப்போதுதான் எதிரே இருப்பவர் தன் அட்டையைக் காட்டுகிறார்: அலையன்ஸ் தடுக்கும்போது பெரிய எண் அவர்களுக்கே. இன்னொரு வெட்டவெளியில் பூனையும், பறவைகள் என்ற இன்னொரு தரப்பும் சம பலத்தில் நிற்கின்றன. பொது விதிப்படி சமமானால் ஆட்சி யாருக்கும் இல்லை. பறவைகளின் அட்டையோ சமமானால் ஆட்சி தங்களுக்கே என்கிறது. எந்த விதியும் மறைக்கப்படவில்லை, எல்லாம் எங்கோ அச்சில் இருக்கிறது. ஆனால் பொது விதியைக் கற்பிக்கும் இடத்தில், ‘இதற்கு ஒரு விலக்கு உண்டு, எதிரியின் அட்டையைப் பார்த்துக்கொள்’ என்ற அடையாளத்தை ஓரத்தில் வைத்தால் முதல் ஆட்டத்தின் பாதி மனக்கசப்பு தீர்ந்துவிடும். சுருக்கி எழுதுவது குற்றமல்ல. சுருக்கியிருக்கிறோம் என்பதைச் சொல்லாமல் விடுவதுதான் குற்றம்.

ஒரே விதி இரண்டு இடத்தில் இரண்டு வாக்கியமாக இருப்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கூர்மையாகப் படிப்பவர் அந்த வேறுபாட்டுக்கும் ஒரு பொருள் கற்பிப்பார். மேலும், சட்டநூல் அவ்வப்போது திருத்தப்படுகிறது. லீடர் கேம்ஸ் புதிய தரப்புகள் சேரச் சேர அதைத் திருத்தி இலவசமாகவே தருகிறது. பழைய பெட்டிக்குள் இருக்கும் கற்கும் புத்தகம் அப்படியே கிடக்கிறது.

ஆளைப் பார்த்துப் பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வரலாற்றைவிடத் தெளிவான பாடம் இல்லை. 1974இல் மூன்று சிறு கையேடுகளாக வந்த அந்த ஆட்டம், போர் விளையாட்டுகளில் ஏற்கெனவே ஊறியவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது, வெளியாருக்குப் புரியவில்லை. 1977இல் ஜே. எரிக் ஹோம்ஸ் அதைச் சீர்ப்படுத்தி, முதல் மூன்று நிலைகளுக்கு மட்டுமான ‘பேசிக்’ பெட்டியைத் தந்தார். அதே 1977 முதல் 1979 வரை ‘அட்வான்ஸ்ட்’ வரிசையின் மூன்று பெரிய புத்தகங்கள் வந்தன. பேசிக்கில் தொடங்கி அட்வான்ஸ்டுக்கு ஏறலாம் என்பதுதான் கணக்கு. ஆனால் 1981இல் பேசிக் புதிதாக எழுதப்பட்டு, தனக்கென ‘எக்ஸ்பர்ட்’ பெட்டியையும் பெற்று, வேறு பாதையில் போனது. பேசிக்கில் ‘எல்ஃப்’ என்பதே ஒரு தொழில்வகை. அட்வான்ஸ்டிலோ அது இனம், தொழிலைத் தனியாகத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஏணியாக வேண்டியவை இரண்டு வீடுகளாகிவிட்டன. இரண்டிலும் நல்ல ஆட்டங்கள் நடந்தன என்பது உண்மை. ஆனால் ஒன்றைக் கற்றவர் மற்றதில் நுழையும்போது, கற்றதில் ஒரு பகுதியை மறக்க வேண்டியிருந்தது.

சதுரங்கம் வேறு கோட்டைப் போட்டது. சர்வதேசச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகளில் முதல் ஐந்து பிரிவுகள் ஆட்டத்தின் அடிப்படை விதிகள். ஆறு முதல் பன்னிரண்டு வரை போட்டி விதிகள்: கடிகாரம், முறையற்ற நகர்வுகள், நகர்வுகளைக் குறித்தல், நடுவரின் பொறுப்பு முதலானவை. முதல் பகுதியில் எதையும் எளிமைப்படுத்திப் பொய் சொல்லவில்லை. கோட்டை கட்டுவதும், சிப்பாயைக் கடந்துபோகையில் வெட்டும் விதியும் அங்கேயே முழுதாக இருக்கின்றன. அதை மட்டும் படித்தவர் ஆடுவதும் முழுச் சதுரங்கம்தான். இங்கே பிரிக்கப்பட்டது ஆளின் தரம் அல்ல, ஆடும் சந்தர்ப்பம். வீட்டில் ஆடும் மாஸ்டருக்கு முதல் பகுதி போதும், போட்டிக்குப் போகும் பத்து வயதுப் பிள்ளைக்கு இரண்டாம் பகுதியும் வேண்டும்.

ஆட்டத்துக்குள்ளேயே கற்பிப்பது மூன்றாவது வழி. ஐசக் சில்ட்ரஸின் ‘குளூம்ஹேவன்: ஜாஸ் ஆஃப் தி லயன்’ (2020) முதல் ஐந்து கட்டங்களில் விதிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறது. ஆட்டக்காரரின் சீட்டுகளும் முதலில் எளிய வடிவில் வந்து பிறகே முழு வடிவம் பெறுகின்றன. முதல் மாலையிலேயே கை பழகிவிடுகிறது. புதியவர்கள் ஒன்றாகத் தொடங்கும் குழுவுக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. ஆனால் எட்டாவது கட்டத்தில் வந்து சேரும் நண்பருக்கு அந்த வாசல் மூடிவிட்டது. பழைய குளூம்ஹேவனை ஆடியவரோ, எது மாறியிருக்கிறது என்று அறிய ஐந்து கட்டங்களையும் துழாவ வேண்டும். கட்டம் கட்டமாகச் சிதறிய விதிகளைத் தேட அங்கும் தனி அருஞ்சொல் கையேடு தேவைப்பட்டது. அது இல்லாவிட்டால் அந்த அழகான தொடக்கமே பிற்பாடு சுமையாகியிருக்கும்.

இந்த ஏற்பாடுகள் எல்லாவற்றிலும் ஒருவரை விட்டுவிடுகிறார்கள். நான்கு பேர் உட்காரும் மேசையில் விதிகளைப் படித்திருப்பவர் பெரும்பாலும் ஒருவர்தான். மற்ற மூவர் அவர் வாயால் கேட்டுக் கற்கிறார்கள். கற்கும் புத்தகம் தனியே அமர்ந்து மௌனமாகப் படிப்பவருக்காகவும், சரிபார்க்கும் புத்தகம் வழக்கு வந்தவருக்காகவும் எழுதப்படுகின்றன. சொல்லிக்கொடுப்பவருக்கு வேண்டியது மூன்றாவது ஒன்று: பேசும் வரிசை. வெற்றி எப்படி என்பதை முதலில் சொல்ல வேண்டும், பிறகு ஒரு முறையில் என்னென்ன செய்யலாம் என்பதை. மீதியை அந்தந்தச் சூழல் வரும்போது சொல்லலாம். ஆனால் எது எது காத்திருக்கலாம்? ரூட்டில் பறவைகளின் சமநிலை விலக்கை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் மற்றவர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார். ஆட்டத்தின் பிற்பகுதியில்தான் தலைகாட்டும் சில சீட்டுகளின் விளக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டாலும் யாருக்கும் நட்டமில்லை. இந்த வித்தியாசத்தை முதல் தடவை சொல்லிக்கொடுப்பவர் ஊகிக்க முடியாது. புதியவர்கள் எங்கே தடுமாறினார்கள் என்று சோதனை ஆட்டங்களில் திரும்பத் திரும்பப் பார்த்த வடிவமைப்பாளருக்குத்தான் தெரியும். அவர் அதை ஒரே ஒரு பக்கமாக எழுதி, கற்கும் புத்தகத்தின் உள்ளட்டையில் அச்சிட்டுத் தர வேண்டும்.