பத்திப்பூ ஊரின் நிலமும் ‘வான் டெர் வைக்’ புதினமும்

இந்தோனேசிய மொழிப் புதினங்களுள் தலைமுறை கடந்தும் பயிலப்பட்டு வருவனவற்றில் ஹம்கா இயற்றிய ‘வான் டெர் வைக் கப்பலின் மூழ்கல்’ என்பது ஒன்று. 1938ஆம் ஆண்டில் மேடான் நகரத்து வார இதழ் ஒன்றில் தொடராக வெளிவந்து, பின்னர் நூலுருப் பெற்றது. இதன் மூலப் பெயரில் வரும் ‘காப்பால்’ என்னும் சொல் நம் ‘கப்பல்’ என்பதன் திரிபு என்பர் சொல்லாய்வாளர். ஆயினும் அச்சொல்லுறவு கருதி யாம் இந்நூலை எடுத்துக்கொண்டோம் அல்லேம். இதனைக் காதற்கதை என்றே படித்து வருவோர் இதன் முதற் பகுதியை விரைந்து கடந்து விடுகின்றனர். அப்பகுதியில் வரும் நிலவழக்கே நூல் முழுமைக்கும் வேர் என்பது எம் கருத்து. அதனை நிறுவ முயல்வோம்.

கதை மேற்குச் சுமத்திராவில், பாடாங் பாஞ்சாங் நகருக்கு அணித்தாய பத்திப்பூ என்னும் ஊரைச் சார்ந்தது. மினங்கபாவு மக்கள் வாழும் நாடு அது. மக்காசாரில் பிறந்த சைனுத்தீன் தன் தந்தையின் ஊரைத் தேடி அங்கு வருகிறான். ஹயாத்தி என்பாளைக் காதலிக்கிறான். ஊரார் அவனை ஏலாது அவளை அசீஸ் என்னும் செல்வனுக்கு மணம் முடிக்கின்றனர். பின்பு சைனுத்தீன் சாவாத் தீவில் புகழ் பெற்ற எழுத்தாளன் ஆகிறான். அசீசு சூதில் அழிந்து தற்கொலை செய்துகொள்கிறான். தன்பால் வந்து நின்ற ஹயாத்தியைச் சைனுத்தீன் மறுத்துக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்புகிறான். கப்பல் மூழ்குகிறது, அவளும் இறக்கிறாள். வான் டெர் வைக் என்னும் கப்பல் 1936ஆம் ஆண்டு அக்டோபரில் சாவாக் கடலில் மூழ்கியது மெய்யாக நிகழ்ந்ததே.

1962இல் இப்புதினத்தின்மேல் ஒரு பெரும் பழி எழுந்தது. எகிப்திய எழுத்தாளர் மன்பலூத்தியின் ‘மஜ்தூலின்’ என்னும் நூலைத் தழுவி, தழுவியதைக் கூறாது எழுதப்பட்டது இது என்று ஜகார்த்தா நாளிதழ் ஒன்று எழுதிற்று. ‘மஜ்தூலின்’ தானும் அல்போன்சு கார் என்னும் பிரெஞ்சு ஆசிரியர் 1832இல் வெளியிட்ட புதினம் ஒன்றன் அரபு வடிவமே. திறனாய்வாளர் எச். பி. யாசின், ஹம்காவின் பக்கம் நின்று, மினங்கபாவு வழக்கைப் பற்றிய சிக்கல் இந்நூலுக்கே உரியது என்று மறுத்தார். இருதிறத்தாரும் பெரும்பாலும் காதலர் மடல்களையும் நிகழ்ச்சிக் கோவையையும் ஒப்பிட்டே வாதிட்டனர். எழையான காதலன், செல்வனை மணந்த காதலி, காலம் தாழ்ந்த இரக்கம் ஆகியவை எந்நாட்டிலும் கிடைக்கும் பொருள்கள். அவற்றை வைத்து வழக்கைத் தீர்த்தல் அரிது. வேறு சான்று வேண்டும். அது முதற் பகுதியில் உளது.

மினங்கபாவு நாட்டில் முதுசொம் தாய்வழியே இறங்குவது. தமிழர் ‘மருமக்கள்வழி’ என்று அறிந்த முறையோடு ஒப்பிடத்தக்கது. நன்செயும் பெருமனையும் குடிக்குப் பொது. பெண்களின் வழியே அவை நிலைபெறும். தாய்மாமன் அவற்றைக் காத்து ஆள்பவன். அவன் உரிமையாளன் அல்லன். முதுசொத்தை விற்றல் வழக்கன்று. ஒற்றி வைத்தலும் நான்கு நெருக்கடிகளிலேயே ஒப்பப்படும்: வீட்டில் பிணம் கிடத்தல், பருவம் எய்திய பெண் மணமின்றி இருத்தல், பெருமனை ஒழுகுதல், குடித்தலைவன் பட்டம் நெடுநாள் எடுக்கப்படாது கிடத்தல். அப்பொழுதும் குடியினர் அனைவரும் ஒருமனப்பட வேண்டும். ஒருவன் தன் உழைப்பால் ஈட்டிய தேட்டம் வேறு வகையின் பாற்படும்.

இனிப் புதினத்தின் தொடக்கத்தைக் காண்போம். சைனுத்தீனின் தந்தை பெண்டேகர் சுதான் உடன்பிறந்தாள் இல்லாதவன், தாயும் இறந்துபட்டாள். தாய்வழி நிலத்தை ஆள்பவர் மாமன் தாத்துக் மந்தாரி லாபிஹ். அவர் அந்நிலத்தைப் பெருக்கினார் அல்லர். வயல்களை ஒற்றிக்கு விட்டுக் கரைத்தார். மருமகன் தன் மணச்செலவுக்காக ஒற்றி வைக்க விழைந்தபோதோ மறுத்தார். பூசல் முற்றி மாமன் குத்துண்டு மடிகிறார். மருமகன் சிலாசாப்பிற்குக் கடத்தப்படுகிறான். தண்டனைக்குப் பின் ஊர் திரும்பாது மக்காசாரில் தங்குகிறான். ஆங்கே மணந்து சைனுத்தீனைப் பெறுகிறான்.

இங்கு ஒரு நுட்பத்தை நோக்குதல் வேண்டும். ஓர் ஆணின் மணச்செலவு மேற்கூறிய நான்கனுள் ஒன்றன்று. ஆகவே வழக்கின் எழுத்தளவில் மாமன் மறுத்தது சரியே. ஆனால் அவர் தாம் வைத்த ஒற்றிகள் எந்த நெருக்கடியின் பாற்பட்டன? விதியைத் தமக்குத் தளர்த்திப் பிறர்க்கு இறுக்குபவராகவே அவர் காட்டப்படுகிறார். குற்றம் விதியினுடையதா, அதனை ஆண்டவனுடையதா? ஹம்கா இவ்வினாவை எழுப்பும் அளவுக்குச் செய்திகளைத் தந்துவிட்டு, பின்னர் வரும் பகுதிகளில் ‘வழக்கின் கொடுமை’ என்று ஒரு சொல்லால் அனைத்தையும் மூடிவிடுகிறார். இதனை யாம் நூலின் பெருங்குறை எனக் கருதுகிறோம். முதற் பகுதியை எழுதிய கைக்கு இருந்த நிதானம் இறுதிப் பகுதிகளில் இல்லை.

ஆயினும் பழியை மறுக்கும் சான்று இங்கேதான் உளது. காரின் காதலன் பொருள் இன்மையால் வருந்துபவன். பொருள் வந்தால் அவன் சிக்கல் தீரும். சைனுத்தீனுக்கு அத்தீர்வு இல்லை. அவன் தாய் மினங்கபாவினள் அல்லள். எனவே அவனுக்கு அந்நாட்டில் குடி இல்லை. குடி இல்லாதவனுக்கு நிலமும் பட்டமும் இல்லை. மக்காசாரில் மினங்கபாவினன் என்பர். பத்திப்பூவில் மக்காசாரினன் என்பர். தந்தையின் சுற்றத்தார் வீட்டில் அவன் விருந்தினனே. அவனை வளர்த்த மூதாட்டி இறந்தபின் பணம் அவன் கைக்கு வருகிறது. பெண் கேட்டு எழுதிய மடலில் அதனை அவன் குறிக்கவில்லை. குறித்திருந்தால் மட்டும் என்ன? பணம் அசீசுக்கும் உண்டு, குடியும் உண்டு. பெண்ணின் மாமன்மார் கூடி ஆராய்ந்தபோது முதற்கண் நோக்கியது குடியையே. இத்தகைய தடை பாரிசிலும் கெய்ரோவிலும் எழ வழியில்லை. ஆதலின் நிகழ்ச்சி அடுக்கில் இரவல் உண்டெனினும், சைனுத்தீனின் துயரம் இரவல் அன்று.

மற்றொரு குறையும் சொல்லற்பாலது. தாய்வழி முறையில் நிலம் பெண்ணைச் சார்ந்தது. கணவன் போயினும், மணம் முறியினும், பெண்ணுக்கு இருக்க மனையும் உண்ண நெல்லும் உள்ள நிலையை அம்முறை காத்து வந்தது. ஹம்காவோ ஹயாத்தியை மடல் எழுதும் காதலியாகவும் மாமன் சொற்குப் பணிபவளாகவும் கண்டாரே அன்றி, நிலத்துக்கு உரியவளாகக் காணவில்லை. நிலத்தால் நலிந்த ஆண்கள் இருவர் இந்நூலில் பேசுகின்றனர். நிலத்தால் வாழ்ந்த பெண் ஒருத்தியும் பேசவில்லை. சைனுத்தீன் அவளைத் திருப்பி அனுப்பும் இடத்து இவ்வின்மை நன்கு புலனாகும். அவளுக்குப் பின்நிற்கும் மனையும் வயலும் அவளுக்கு எத்தகைய புகல் என்று எண்ணிப் பார்க்க ஆசிரியர் நமக்கு ஒரு வரியும் தரவில்லை.

இதற்குக் காரணம் ஆசிரியர் நின்ற இடமாகலாம். ஹம்கா மனிஞ்சாவு ஏரிக்கரையில் 1908இல் சமயச் சீர்திருத்தக் குடியில் பிறந்தவர். மினங்கபாவிலிருந்து மெக்கா சென்று புகழ் பெற்ற அகமது கத்தீப், மருமக்கள்வழி உரிமையை இசுலாமிய நெறிக்கு மாறானது என்று கண்டித்தார். ஹம்காவின் தந்தை ஹாஜி ரசூல் அத்துணைக் கடுமை காட்டாது, முதுசொத்தை அறக்கட்டளை போன்ற ஒன்றாகக் கொண்டு இணக்கம் கண்டார். தந்தையின் இந்நுண்மை மகனின் புதினத்தில் இல்லாமை வியப்பே.

1952இல் புக்கித்திங்கியில் சமய அறிஞரும் குடித்தலைவரும் கற்றோரும் கூடிய மாநாடு, முதுசொம் வழக்கின்படியும் தன்தேட்டம் இசுலாமியச் சட்டத்தின்படியும் இறங்கும் என்று முடிவு செய்தது. அவ்வளவையைக் கொண்டு நோக்கினும், சைனுத்தீனுக்குத் தந்தையின் தேட்டம் கிடைக்கும். பத்திப்பூவில் ஒரு பாத்தி வயலும் கிடையாது.