பெயரும் முத்திரையும்

நாவல் எழுதுகிறவன் கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி எழுத வந்தால், எழுத விஷயம் தீர்ந்துவிட்டது போலும் என்று வாசகர்கள் நினைக்கலாம். இளைஞர்களோடு ஒட்டிக்கொள்ளப் பார்க்கிறான் என்றும் நினைக்கலாம். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கக்கூடும். ஆனாலும் எழுதியே ஆகவேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம், அந்த விளையாட்டில் நான் சந்தித்த ஒரு தம்பதி.

கோடை விடுமுறைக்கு வந்திருந்த என் தமக்கை மகன் தன் கம்ப்யூட்டரை என் முன்னால் வைத்து, "மாமா, நீங்க கதை எழுதறவர். இதைக் கொஞ்சம் ஆடிப் பாருங்க" என்றான். விளையாட்டின் பெயர் ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’. ஆர்ஸ்டோட்ஸ்கா என்று ஒரு கற்பனைத் தேசம், வருஷம் 1982. அதன் எல்லைச் சாவடியில் நமக்கு உத்தியோகம். அதுவும் குலுக்கலில் விழுந்த உத்தியோகம். வரிசையில் வருகிறவர்களின் பாஸ்போர்ட்டையும் மற்றச் சீட்டுகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, பச்சை முத்திரையோ சிவப்பு முத்திரையோ குத்தி அனுப்ப வேண்டும். ஆளுக்கு இவ்வளவு என்று கூலி. சாயங்காலம் வீட்டு வாடகை, சாப்பாடு, குளிருக்குக் கணப்பு எல்லாவற்றுக்கும் அந்தக் கூலியில்தான் கணக்குப் போட்டாக வேண்டும். வீட்டில் மனைவி, மகன், மாமியார், மாமா என்று நான்கு பேர். பணம் போதாத நாளில் பட்டினி. கணப்பு இல்லாத வீட்டில் ஜுரம்.

சில நாட்கள் கழித்து ஒருவன் வருகிறான். சீட்டுகள் சரியாக இருக்கின்றன, பச்சை குத்துகிறோம். போகும்போது, பின்னால் தன் மனைவி வருகிறாள், அவளிடம் தயவாக இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறான். அவள் வருகிறாள். அவளிடம் நுழைவு அனுமதி இல்லை. திரும்பிப் போனால் உயிர் தங்காது என்று கெஞ்சுகிறாள்.

இங்கே ஒரு விதியைச் சொல்ல வேண்டும். ஒரு நாளில் முதல் இரண்டு தவறுகளுக்கு எச்சரிக்கை மட்டுமே. மூன்றாவதிலிருந்து கூலியில் பிடித்தம். அதாவது, ஒரு நாளைக்கு இரண்டு பேரிடம் நஷ்டமில்லாமல் இரக்கம் காட்டலாம். ஆனால் நான் அன்று காலையிலேயே கவனக்குறைவால் இரண்டு தவறு செய்திருந்தேன். மகனுக்கு மருந்து வாங்க வேண்டியிருந்தது. சிவப்பு முத்திரையைக் குத்தினேன்.

இதே சம்பவத்தை ஒரு சிறுகதையில் படித்திருந்தால் அந்த உத்தியோகஸ்தனைத் திட்டியிருப்பேன். அவளுக்காகக் கண் கலங்கி, என் நல்ல மனசைப் பற்றித் திருப்தியும் அடைந்திருப்பேன். இங்கே அந்தத் திருப்திக்கு வழி வைக்கவில்லை. குத்தியது என் கை. கதாசிரியன் என்ற முறையில் இந்த உத்தியைக் கண்டு பொறாமைப்பட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இதைச் செய்தவர் லூகஸ் போப் என்ற அமெரிக்கர். கதை, படம், சங்கீதம், இயந்திரத்துக்கு வேண்டிய கட்டளைகள் எல்லாம் அவர் ஒருவருடைய வேலை. அதற்கு முன் கலிபோர்னியாவில் நாட்டி டாக் என்ற கம்பெனியில் சம்பளத்துக்கு இருந்தவர். ஸோனிக்குச் சொந்தமான பெரிய கம்பெனி அது. புதையல் தேடும் வீரன் ஒருவன் மலை முகட்டில் தொங்கி, துப்பாக்கிக்குத் தப்பி, எப்படியும் கரையேறிவிடும் ‘அன்சார்ட்டட்’ வரிசையில் முதல் இரண்டு விளையாட்டுகளில் அவர் உழைப்பும் இருக்கிறது. 2010-இல் வேலையை விட்டு மனைவியோடு ஜப்பான் போய்ச் சேர்ந்தார். பிரயாணங்களின்போது பாஸ்போர்ட் பார்க்கும் அதிகாரிகளைக் கவனித்ததில் இந்த எண்ணம் பிறந்தது. 2012-இன் கடைசியில் ஆரம்பித்து 2013 ஆகஸ்டில் வெளியிட்டுவிட்டார்.

கம்பெனியை விட்டு வெளியே வந்தார், கலை பிறந்தது என்று முடித்துவிடலாமா? அவ்வளவு சுலபமாக இல்லை. இந்தத் துறையின் பழைய கதை ஒன்றே அதற்குத் தடையாக நிற்கிறது.

அடாரி என்ற கம்பெனி ஒரு காலத்தில் வீட்டு விளையாட்டுகளில் கொடிகட்டிப் பறந்தது. விளையாட்டைக் கற்பனை செய்தவன் பெயரை அது பெட்டியில் போடுவதில்லை. வாரன் ராபினெட் என்ற ஒருவர் தாம் செய்த ‘அட்வென்ச்சர்’ விளையாட்டில் ஒரு ரகசிய அறையைக் கட்டி, அதற்குள் தம் பெயரை ஒளித்து வைத்துவிட்டுப் போனார். 1979-இல் டேவிட் கிரேன், லாரி காப்லன், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட் என்ற நால்வர் பெயரும் இல்லை, நியாயமான பணமும் இல்லை என்று வெளியேறினார்கள். அவர்கள் சேர்ந்து ஆரம்பித்த ஆக்டிவிஷன், ஆசிரியன் பெயரைப் போட்டு விளையாட்டுகளை வெளியிட்டது. நல்ல காரியம். ஆனால் அந்தத் தனிக்குடித்தனமே வளர்ந்து வளர்ந்து அடாரியைவிடப் பெரிய மாளிகையாகிவிட்டது. 2023-இல் சுமார் 6,900 கோடி டாலருக்கு மைக்ரோஸாஃப்ட் அதை வாங்கிக்கொண்டது. பெயருக்காகவும் பங்குக்காகவும் மட்டும் வெளியேறினால், மறுபடியும் கட்டுவது இன்னொரு கம்பெனியைத்தான்.

அப்படியானால் போப் சம்பாதித்த சுதந்திரம் எது? ஆடுகிறவனை வருத்தப்பட வைக்கும் சுதந்திரம் என்பது என் அபிப்பிராயம். சீட்டுகளை ஒப்பிடுவது சலிப்பான வேலை. அந்தச் சலிப்பே அங்கே அநுபவம். நல்லவனாக இருந்தால் வீட்டில் பட்டினி. பல நூறு பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டிய கம்பெனி இப்படி ஒரு விஷயத்துக்குச் சுலபத்தில் பச்சை முத்திரை குத்தாது. அதை நான் குற்றமாகச் சொல்ல வரவில்லை. அங்கே உட்கார்ந்திருக்கும் அதிகாரியும் அந்தச் சாவடி உத்தியோகஸ்தன்தான். அவனுக்கும் மூன்றாவது தவறில் பிடித்தம் உண்டு. தவிர, தொழில் நேர்த்தியைப் போப் கம்பெனியில்தான் பழகினார் என்பதையும் மறக்கக்கூடாது. வெளியே வந்து, உள்ளே செய்ததையே சிக்கனமாகச் செய்துகொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள்.

குறைகளும் உண்டு. ரகசியச் சங்கம், வெடிகுண்டு, சதி என்று நடுவில் புகுத்தியிருப்பது அந்தச் சிறிய மேஜைக்குப் பாரமாக இருக்கிறது. இருபது முடிவுகள் வைத்திருக்கிறார். எனக்கு நாலைந்து போதும். இதைவிடப் பெரிய குறை, தேசத்தைப் பழைய கம்யூனிஸ்டு தேசத்தின் சாயலில் அமைத்தது. விமான நிலையத்தில் தாம் நேரில் கண்டதைப் பனிக்காலத்துக் கற்பனை தேசத்துக்கு அனுப்பிவிட்டபடியால், ‘அது அவர்கள் ஊர் விவகாரம்’ என்று ஆடுகிறவன் தப்பித்துக்கொள்ள ஒரு வாசல் திறந்திருக்கிறது. 2018-இல் வந்த அவருடைய அடுத்த பெரிய படைப்பு ‘ரிடர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’. ஆளில்லாமல் திரும்பி வந்த ஒரு கப்பலில் இருந்த அறுபது பேரின் கதியைக் கண்டுபிடிக்கச் சொல்லும் அந்த விளையாட்டு இதைவிடக் கச்சிதமானது. ஆனால் அதில் நான் துப்பறிந்தேன்; என் கை நடுங்கவில்லை.

கை நடுங்கியதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி முடிக்கிறேன். பல வருஷங்களுக்கு முன் ஒரு பத்திரிகையில் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தபோது, கதாநாயகி கணவன் வீட்டுக்குத் திரும்பிவிட்டால் வாசகர்கள் சந்தோஷப்படுவார்கள் என்று ஆசிரியர் சொன்னார். அவள் திரும்பக்கூடாது என்று எனக்குத் தெரியும். குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வேண்டிய மாதம் அது. திருப்பி அனுப்பினேன். அதற்குப் பத்திரிகையைக் குறை சொல்லலாம். ஆனால் கதை புத்தகமாக வந்தபோது என்னை யாரும் தடுக்கவில்லை. அப்போதும் நான் முடிவை மாற்றவில்லை. பத்திரிகையை விட்டு வெளியே வந்துவிட்டேன். சாவடியை விட்டு வரவில்லை.

"மாமா, வேணும்னா அந்த நாளைத் திரும்பவும் ஆடலாம்" என்றான் பையன். விளையாட்டில் அப்படி ஒரு வசதி இருக்கிறது. மறுபடி ஆடினேன். காலையிலிருந்து ஒரு தவறும் செய்யாமல் காத்திருந்து, அந்தப் பெண்ணை உள்ளே விட்டேன்.

என் நாவலுக்குப் புதுப் பதிப்பு போடவேண்டும் என்று பதிப்பாளர் கேட்டிருக்கிறார். பரண் மேல் பழைய கையெழுத்துப் பிரதியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.