மேளத்தின் ஒலி மாற்றமும் அதன் சமூகப் பின்னணியும்: இணுவில் மரபை முன்னிறுத்திய ஒரு நோக்கு

ஓர் இசைக்குழுவின் ஒலி காலப்போக்கில் எவ்வாறு மாறுகின்றது, ஏன் மாறுகின்றது என்னும் வினா மேலைநாட்டு இசை விமர்சனத்திற் பெரிதும் பேசப்படுவதொன்றாகும். ரொக் இசையை ஆராய்வோர், ஒரு குழுவினர் அடுத்தடுத்து வெளியிட்ட இசைத்தட்டுகளை வரிசைப்படுத்தி, அவற்றினூடே அக்குழுவின் வளர்ச்சியையோ தளர்ச்சியையோ மதிப்பிடுவர். பீற்றில்ஸ் குழுவினர் 1966 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்துடன் சுற்றுப்பயணக் கச்சேரிகளை நிறுத்தி ஒலிப்பதிவுக் கூடத்தினுட் புகுந்தமையும், 1967 இல் வெளியான ‘சார்ஜன்ட் பெப்பர்ஸ்’ இசைத்தட்டில் அவர்தம் ஒலி பெரிதும் வேறுபட்டமையும் இவ்வகை ஆய்வுகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும். கேட்போர் கூட்டம் அகன்றதும் ஒலி மாறிற்று என்பதே இதன் உட்கிடை.

எமது சூழலுக்கு இவ்வினாவைப் பொருத்திப் பார்க்கும்போது, நாம் முதலில் நோக்க வேண்டியது ‘மேளம்’ என வழங்கும் நாதசுர தவிற் குழுவையே ஆகும். நாதசுரம் இரண்டு, தவில் இரண்டு, ஒத்து, தாளம் என அமைந்த இக்குழு தலைமுறை தலைமுறையாக எம்மிடையே தொழிற்பட்டு வருவது. அதன் ஒலியும் மாறியே வந்துள்ளது. ஆயின் அம்மாற்றம் ஒலிப்பதிவுக் கூடத்திலன்றிக் கோயில் வீதியில், ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் நிகழ்ந்தது. எனவே அதனைத் தனிப்பட்ட கலைஞரின் மேதைமையை மட்டுங்கொண்டு விளக்கிவிட இயலாது. யார் கேட்டனர், எங்கு கேட்டனர், யார் பணம் செலுத்தினர் என்னும் வினாக்களும் உடன் எழுகின்றன. இக்கட்டுரையில் இணுவிலை மையமாகக் கொண்டு அவ்வினாக்களை நாம் எழுப்ப முற்படுகின்றோம்.

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்லும்போது, கொக்குவிலுக்கும் மருதனார்மடத்துக்கும் இடையே அமைந்துள்ள கிராமம் இணுவில். கந்தசுவாமி கோயிலும் அதன் பெருமஞ்சமும், பரராசசேகரப் பிள்ளையார் கோயிலும், பஞ்சவன்னத் தூது பாடிய சின்னத்தம்பிப் புலவரின் நினைவும் இக்கிராமத்துக்குப் பெருமை சேர்ப்பன. தவில் என்றதும் ஈழத்து இசை இரசிகர் நினைவில் முதலில் எழும் ஊரும் இதுவே. விசுவலிங்கம், அவர் மகன் தெட்சணாமூர்த்தி, என். ஆர். சின்னராசா எனப் பல தவில் வித்துவான்களின் பெயர்கள் இவ்வூருடன் இணைத்தே பேசப்படுகின்றன.

இம்மரபு ஒரு கிராமத்தில் நிலைகொண்டமைக்குப் பொருளியற் காரணம் உண்டு. யாழ்ப்பாணத்துச் சைவக் கோயில்கள் கல்லாலும் சுதையாலும் புதுப்பொலிவு பெற்று, ஆண்டுத் திருவிழாக்கள் விரிவடைந்தபோது, நாள்தோறும் பூசைக்கும் திருவிழாவுக்கும் மேளம் இன்றியமையாததாயிற்று. தஞ்சைப் பகுதியிலிருந்து கலைஞர்கள் அழைத்து வரப்பட்டனர். சிலர் இங்கேயே குடியமர்ந்தனர். கொள்வினை கொடுப்பினையாலும் குரு சீட உறவாலும் பாக்குநீரிணையின் இருகரைகளும் பிணைக்கப்பட்டன. ஆயின், கோயிலுக்கு இன்றியமையாதவராய் இருந்த இக்கலைஞர் சாதிப் படிநிலையில் தாழ்வாகவே வைக்கப்பட்டனர். இசையைக் கேட்டுத் தலையசைத்தவர், இசைத்தவனைத் தமக்குச் சமமாக அமரவிடத் தயங்கினார். மேளத்தின் ஒலி வரலாற்றை ஆராயும் எவரும் இம்முரண்பாட்டைப் புறக்கணித்தல் ஆகாது.

முதலில் நாதசுரத்தை எடுத்துக்கொள்வோம். பழைய திமிரி நாதசுரம் குட்டையானது, சுருதி உயர்ந்தது. திறந்தவெளியில், ஊர்வலத்தின் முன்னே, ஆரவாரத்தைக் கிழித்துக்கொண்டு செல்லத்தக்க ஒலி அதனுடையது. திருவாவடுதுறை ரி. என். இராஜரத்தினம்பிள்ளை (1898 - 1956) நீண்ட பாரி நாதசுரத்தைக் கையாண்டு நிலைபெறச் செய்ததோடு சுருதி இறங்கிற்று, ஒலி கனத்தது, இராகத்தின் நுண்ணிய வளைவுகளை நின்று நிதானித்து ஆலாபனை செய்யும் வாய்ப்பு விரிந்தது. இதனை ஒரு மேதையின் இரசனை என்று கூறி அமைதல் போதாது. சபா மேடையும் ஒலிவாங்கியும் வந்த காலம் அது. வீதி முழுவதற்கும் ஒலிக்க வேண்டிய கட்டாயத்திலிருந்து கருவி ஓரளவு விடுபட்டது. வாய்ப்பாட்டு வித்துவானுக்குரிய மேடை மதிப்பைத் தமக்கும் கோரிய ஒரு கலைஞர், வாய்ப்பாட்டின் கனத்தைத் தம் கருவியில் வேண்டி நின்றமை இயல்பே. சுருதி இறங்கியதும் கலைஞரின் தன்மதிப்பு உயர்ந்ததும் ஒரே வரலாற்று நிகழ்வின் இருபக்கங்கள் என்பது எமது கருத்து.

இதே காலப்பகுதியில் ஒத்து என்னும் துணைக்கருவி படிப்படியாக மறைந்து, அதனிடத்தைச் சுருதிப்பெட்டியும் பின்னர் மின்கருவியும் பிடித்தன. சுருதி சீராயிற்று என்பது உண்மை. ஆயின் மேளத்தில் ஓர் இருக்கையும் இல்லாமற்போயிற்று. தாளமும் ஒத்தும் பிடித்தபடியே இரவிரவாகக் கேட்டுத் தொழில் பயின்ற இளைஞர் பலர். ஒத்து மறைந்தபோது ஒலியில் ஏற்பட்ட மாற்றம் சிறிது. கற்கும் முறையில் ஏற்பட்ட மாற்றம் பெரிது.

இனித் தவிலை நோக்குவோம். பலாமரத்தைக் குடைந்து செய்த உடலும், வலந்தலையில் விரற்கூடுகளும், தொப்பியிற் கழியும் பட எழும் அதன் ஒலி, அடிப்படையில் நாதசுரத்துக்குப் பக்கபலமாக அமைந்தது. யாழ்ப்பாணத்தில் அது தனித்ததொரு நிலையை எய்திற்று. இங்குத் தவிலுக்கெனவே கூட்டம் கூடிற்று. தனி ஆவர்த்தனத்துக்காகவே மக்கள் விடியும்வரை மணலில் அமர்ந்திருந்தனர். இது ஏன்?

யாழ்ப்பாணக் கோயில்களின் உபய முறையில் இதற்கான விடையின் பெரும்பகுதி அடங்கியுள்ளது. ஒவ்வொரு நாட் திருவிழாவும் ஒரு குடும்பத்துக்கோ ஒரு பகுதியாருக்கோ உரியது. உபயகாரரிடையே போட்டி நிலவிற்று. ‘எங்கள் திருவிழாவுக்கு எத்தனை கூட்டம் மேளம்’ என்பது குடும்ப கௌரவத்தின் அளவுகோலாயிற்று. பல கூட்டத்தினர் ஒரே பந்தலில் எதிரெதிரே அமர்ந்தபோது ‘மேளச்சமா’ உருவாகிற்று. ஒருவர் வாசித்த கணக்கை மற்றவர் வாங்கி, மாற்றி, மேலும் சிக்கலாக்கித் திருப்பிக் கொடுக்கும் இவ்வாதப் பிரதிவாதத்துக்கு மிகவும் ஏற்ற கருவி தவிலே. நிலவுடைமையாளரின் வீண்பெருமை, அவரறியாமலே, ஒரு தாளக்கலையின் உச்சத்துக்குக் களம் அமைத்துக் கொடுத்தது.

அக்களத்தின் மிகப் பெரிய விளைவு தெட்சணாமூர்த்தி (1933 - 1975). இணுவிற் பாரம்பரியத்திற் பிறந்து, தமிழகத்தில் நாச்சியார்கோயில் இராகவபிள்ளையிடமும் பயின்று, அளவெட்டியில் வாழ்ந்த இவர், இருகரைகளிலும் முதல்வரிசை நாதசுர வித்துவான்களுக்கு வாசித்தவர். வேகம் அவரது சிறப்பாகப் பலராலும் பேசப்படும். பதிவுகளைக் கூர்ந்து கேட்கும்போது வேகத்தினும் மேலானதாக எமக்குத் தோன்றுவது தெளிவு. எத்துணை விரைவிலும் சொற்கள் ஒன்றன்மீதொன்று விழுவதில்லை. வலந்தலையும் தொப்பியும் இரு வேறு குரல்களாகவே நிற்கின்றன. கணக்கின் முடிவை முன்னரே ஊகித்துவிட்டதாகக் கேட்பவன் எண்ணும் வேளையில் அது வேறொரு வழியாக வந்து சமத்தில் விழுகின்றது. கணக்கறிந்த கூட்டமொன்று முன்னே அமர்ந்திருந்தமையாலேயே இத்தகைய வாசிப்புச் சாத்தியமாயிற்று. கேட்போரின் கையிலும் தாளம் இருந்தது.

இங்குப் பதிவு பற்றிய பிரச்சினை எழுகின்றது. பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் சில நிமிடங்களே ஓடும். மணிக்கணக்கில் விரியும் தோடி அதனுட் சுருங்கியே நுழைய வேண்டியிருந்தது. பின்னர் வந்த ஒலிநாடா இத்தடையை நீக்கிற்று. இரசிகர்கள் கோயில் வீதியிலேயே பதிவு செய்தனர். அவை கசற்றாகி, இறுவட்டாகி, இன்று இணையத்தின் வழியே உலகெங்கும் உலாவுகின்றன. 1975 இல் மறைந்த ஒருவரை அதன் பின்னர் பிறந்தவர்கள் கேட்கக்கூடியதாக இருப்பது இந்நாடாக்களின் கொடையே. 1990 களில் யாழ்ப்பாணம் மின்சாரமின்றி இருண்டிருந்தபோது, துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலியும் கசற்றும் கேட்ட மக்கள் நாம் என்பதையும் இவ்விடத்து நினைவுகூரலாம்.

எனினும், பெரிதும் விரும்பிக் கேட்கப்படுவன தனி ஆவர்த்தனங்களே. தேர் புறப்படும்போது ஒலிக்கும் மல்லாரி, வீதிச் சந்திகளில் நின்று விரியும் ஆலாபனை, பூசைக்குரிய சிறு வாசிப்புகள் ஆகியன மேளத்தின் அன்றாட உழைப்பு. அவற்றைக் கேட்போர் சிலரே. ஓர் இரவு முழுவதையும் தாங்கிய உழைப்பிலிருந்து இருபது நிமிடத்தைப் பிரித்தெடுத்து, அதுவே மேளம் என எண்ணும் ஒரு தலைமுறை உருவாகிவிட்டது. அப்பிரித்தெடுத்தல் இன்றைய வாசிப்பையும் மாற்றியுள்ளது. தவில் பயிலும் இளைஞன் தனியை நோக்கியே விரைகின்றான். ஆலாபனையின்போது மெல்லத் தடவி, இடைவெளி விட்டு, நாதசுரத்தைப் பேசவிடும் பக்குவம் பதிவில் எடுபடாதது. ஆகவே பயிற்சியிலும் அருகி வருகின்றது.

போர்க்கால நிலைமைகள் இம்மாற்றத்தை விரைவுபடுத்தின. ஊரடங்கு இரவுத் திருவிழாவைப் பகலுக்குத் தள்ளிற்று. 1995 ஒக்ரோபரில் வலிகாம மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது கோயில்களுடன் கேட்போர் கூட்டமும் சிதறிற்று. இலண்டன், பாரிஸ், ரொறன்ரோ ஆகிய நகரங்களில் எழுந்த கோயில்கள் மேளத்துக்குப் புதிய களங்களாயின. அங்கு மண்டபம் சிறிது, நேரம் வரையறுக்கப்பட்டது. விடியவிடிய வளர்ந்த கலை கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டது. ஆயினும் பல கலைஞர் குடும்பங்கள் வறுமையின்றி வாழ அக்களங்களே வழிசெய்தன என்பதை மறத்தல் நன்றியின்மையாகும்.

இன்றைய மேளத்தின் ஒலி கூர்மையானது, உரத்தது. தோல் வார்களின் இடத்தை இரும்பு வளையமும் திருகாணியும் பிடித்தமையால் தவிலின் இறுக்கம் கூடியுள்ளது. ஒவ்வொரு கருவிக்கும் தனி ஒலிவாங்கி வைக்கப்படுகின்றது. கச்சேரியின் பிற்பகுதியிற் சினிமாப் பாடல்கள் கேட்டு வாங்கப்படுகின்றன. இவற்றைக் கண்டு ‘கலை அழிந்தது’ எனப் புலம்புவோர் ஒருசாரார். ‘காலத்துக்கேற்ற வளர்ச்சி’ என அமைவோர் மற்றொரு சாரார். இரு சாராரும் ஒலியை அதன் உறவுகளிலிருந்து பிரித்தே நோக்குகின்றனர். சினிமாப் பாடல் வாசிப்பதனாலே மேளம் கெட்டுவிடாது. 1962 இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ திரைப்படத்திற் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதசுரம் ஒலித்தமை அக்கருவியைப் புதிய இலட்சக்கணக்கானோரிடம் கொண்டு சென்றது. திருகாணியும் குற்றமன்று, வாரை இழுத்து இறுக்கும் கடும் உழைப்பை அது குறைத்தது.

எமது அளவுகோல் வேறு. மேளம் என்பது கருவிகளுக்கிடையிலான உரையாடல். கருவிக்கும் கேட்போருக்கும் இடையிலான உரையாடல். ஒரு மாற்றம் அவ்வுரையாடலை விரிவாக்குமாயின் அது வளர்ச்சி, ஒடுக்குமாயின் தளர்ச்சி. பாரி நாதசுரமும் மேளச்சமாவும் அதனை விரித்தன. தனித்தனி ஒலிவாங்கிகள், தக்க அளவறியாது கையாளப்படும்போது, அதனை ஒடுக்குகின்றன. ஒருவர் மற்றவரைக் கேட்டு ஒலியை அடக்க வேண்டிய தேவை நீங்கி, ஒலிபெருக்கிக்காரரின் கையிற் சமநிலை சென்றுவிடுகின்றது. கேட்போரும் கணக்கைத் தொடர்வதை விடுத்து, கைத்தொலைபேசியில் பதிவு செய்வதில் ஈடுபடுகின்றனர். சமா நிகழ்கின்றது, அதற்கு மறுமொழி கூறவல்ல கூட்டம் குறைந்து வருகின்றது.

ஈழத்துத் திறனாய்வு பாணர் பாடலையும் நாட்டுக்கூத்தையும் சமூகவியல் நோக்கில் ஆராய்ந்து பெருமை பெற்றது. பேராசிரியர் க. கைலாசபதி வீரயுகக் கவிதையை வாய்மொழி மரபாகக் கண்டதும், பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தைப் பல்கலைக்கழக அரங்குக்குக் கொணர்ந்ததும் அப்பணியின் எடுத்துக்காட்டுகள். மேளத்துக்கு அதற்கொப்பான கவனம் இன்னும் கிட்டவில்லை. ஒரு திருவிழாவின் முழு இரவையும், மல்லாரி தொடக்கம் கடைசிப் பாடல் வரை, வாசித்தோர் அனைவரின் பெயர்களுடனும் பதிவு செய்து ஆராய்தல் எமது மாணவருக்கு அரிய பணியன்று. அவ்வாய்வில் ஊதியமும் சாதியும் இடம்பெறாவிடின் அது மீண்டும் மேதைமை பற்றிய துதியாகவே முடியும். தவிலின் முழக்கத்தைக் கொண்டாடும் சமூகம், அதனை முழக்கியவருக்கு எத்தகைய இருக்கை கொடுத்தது என்னும் வினாவுக்கு விடை கூறக் கடமைப்பட்டுள்ளது.