எரிமலை ஓவியமும் பொழுதும்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என வகுத்தார் தொல்காப்பியர். செய்யுளுக்கென வகுக்கப்பட்ட இந்நெறி நிலக்காட்சி ஓவியத்துக்கும் பொருந்தும். இடத்தைத் தீட்டிப் பொழுதை மறந்த ஓவியம் கண்ணைக் கவருமேயன்றி நெஞ்சில் நிலையாது. இவ்வளவுகோல் கொண்டு எரிமலை ஓவியங்கள் சிலவற்றை ஈண்டு நோக்குவோம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியின் நேப்பிள்சு நகரம் ஓவியர் பலரை ஈர்த்தது. அருகிருந்த வெசூவியசு மலை அடிக்கடி கனன்றமையே காரணம். பிரான்சு நாட்டவரான வொலேர் அங்குக் குடியேறி, அம்மலையின் சீற்றத்தை மீண்டும் மீண்டும் தீட்டினார். சுற்றுலா வந்த செல்வர் அவற்றை நினைவுப் பொருளாக வாங்கிச் சென்றனர். ஆங்கில ஓவியர் யோசேப்பு ரைற் 1774இல் அங்குச் சென்றார். பெருவெடிப்பு எதனையும் கண்டிலர். எனினும் ஏறக்குறைய முப்பது வெசூவியசு ஓவியங்களைத் தீட்டினார். ரேணரோ, மேற்கிந்தியத் தீவுகளுக்குச் செல்லாமலே, பிறரொருவரின் குறிப்புப்படத்தைத் துணைக்கொண்டு, 1812இல் வெடித்த சூபிரியர் மலையைத் தீட்டி 1815இல் காட்சிக்கு வைத்தார்.

காணாததைத் தீட்டுதல் குற்றமன்று. கற்பனை கலைஞனின் உரிமை. குறை வேறிடத்துளது. இத்தகைய ஓவியங்களிற் பெரும்பாலானவற்றில் பொழுது இரவே. இருளிலன்றோ நெருப்பு அழகு பெறும்! வொலேரின் படங்களில் ஒருபுறம் தண்ணிலவு, மறுபுறம் செந்தீ, முன்னே நின்று வியக்கும் சிற்றுருவங்கள். வியப்பு உண்டு, விடிவு இல்லை.

யாவாத் தீவினரான இராடன் சாலேயின் படைப்பு இங்கே நம் கவனத்துக்குரியது. 1829இல் ஒல்லாந்து சென்று, இருபது ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பாவில் வாழ்ந்து தாயகம் மீண்டவர் அவர். 1865இல் மெராப்பி மலையின் வெடிப்பை இரண்டு ஓவியங்களாகத் தீட்டினார். ஒன்று இரவு, மற்றொன்று பகல். கைத்திறன் ஐரோப்பியரிடம் கற்றதே. ஆயினும் இரவோவியத்தின் தழலை மட்டும் கண்டு நாம் அகன்றுவிட இயலாது. பகலோவியம் நம்மைத் தடுத்து நிறுத்துகின்றது. அங்கே புகையே மேலோங்கி நிற்கின்றது. இரவு காண வந்தவனுக்குரியது. பகல் அம்மலையடியில் வாழ்பவனுக்குரியது. சாம்பல் படிந்த வயலை அவன் பகலிலன்றோ காண்பான்!

மலையே இல்லாத எரிமலை ஓவியமும் உண்டு. 1883 ஆகஸ்டு 27இல் கிறக்காத்தோவா வெடித்துச் சிதறியது. வானின் உயரத்தே பரவிய நுண்துகள்கள் உலகெங்கும் மாலை வானைச் சிவக்கச் செய்தன. இலண்டனில் தேம்சு நதிக்கரையில் வில்லியம் ஆசுக்குறொவ்ற் அவ்வானத்தை வண்ணக்கட்டிகளால் நூற்றுக்கணக்கான படங்களாக வரைந்தார். அவ்வாண்டு நவம்பர் 26இல் ஒரே மாலையை அடுத்தடுத்து வரைந்த அவருடைய ஆறு படங்களை, அரச கழகம் 1888இல் வெளியிட்ட தன் அறிக்கையிற் சேர்த்தது. தீயுமில்லை, மலையுமில்லை, பொழுதே பொருளாயிற்று.

திருகோணமலையில் வாழும் நமக்கு இதனால் ஆவதென்ன? நம் நாட்டில் எரிமலை இல்லை. எனினும் ஏறக்குறைய 3,000 கிலோமீற்றருக்கு அப்பால் வெடித்த கிறக்காத்தோவாவின் முழக்கம் இலங்கையிற் கேட்டது; கடல் உள்வாங்கி மீண்டது; அடுத்த மாதம் இங்கும் சென்னையிலும் கதிரவன் பச்சை நிறமாய்த் தோன்றினான். பின்னர், 2004 டிசம்பர் 26இல், எரிமலையாலன்றிக் கடலடி நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை நம் கரையையே அழித்தது. அதனை வரையப் பணித்தால் எம் மாணவர் பலர் பனையளவு எழுந்த அலையையே வரைகின்றனர். அதுவும் வெசூவியசின் இரவு போன்றதே. நீர் வடிந்த பின்னர் வந்த காலைப் பொழுதை, மணலேறிய கிணற்றை, தோணியற்ற துறையை வரைவோர் மிகச் சிலர்.

பேரழிவு சில நாழிகையில் முடிந்துவிடும். அதன் பின் வரும் பகல் நெடியது. அப்பகலையும் தீட்டும் கையே நிலத்தை அறிந்த கை. நம் மாணவரிடையே அத்தகையோர் தோன்றுதல் வேண்டும்.